அளத்துக் கால்

சந்தனமாரி ஒரே காலையில் பதினெட்டு வருடத்தைத் தொலைத்த அன்று மணல்தருவையில் மேற்கேயிருந்து கச்சான் காற்று நன்றாக வீசியது, பாத்திகளில் உப்பு வழக்கத்துக்கு முன்பே விளைந்து கிடந்தது, குடிநீர் லாரி மட்டும் வரவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த நாளைப் பற்றி முதலில் சொல்வது லாரி வராததைத்தான். அதைச் சொல்லித் தீர்த்த பிறகுதான், இருபத்திமூன்று வயதில் உப்பு இழுக்கும் வாரிப்பலகையோடு பாத்திக்குள் இறங்கியவள் நாற்பத்தொரு வயதில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதையும், அவள் பெற்ற பெண் குழந்தை வாய் நிறையப் பாற்பல்லோடு, ஆறு வயது நிரம்பி, ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்ததையும் சொல்வார்கள்.

தாயின் பதினெட்டும் பிள்ளையின் ஆறுமாக அந்த இருபத்திநான்கு வருடங்களும் எங்கே போயின என்பது ஊருக்கு ஒன்பது மாதம் தெரியாது. நர்ஸ் தங்கபுஷ்பத்துக்கு அன்றைக்கே தெரியும்.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஊரின் துணை சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருடமாக ஒரே நர்ஸ் அவள்தான். அன்று பகல் பதினொன்று நாற்பதுக்கு இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது எழுத்துகள் திடீரென்று மங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த கண்ணாடியை மாட்டாமலே அட்டையின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். எழுந்து நின்றாள், பன்னிரண்டு வருடமாக எழும்போதெல்லாம் முனகும் வலது முழங்கால் முனகவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு மேலே தொங்கிய கையகலக் கண்ணாடியில் பார்த்தபோது வகிட்டின் இரண்டு பக்கமும் முடி கறுகறுவென்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சந்தனமாரியின் பிள்ளை பதினொன்று நாற்பதுக்குப் பிறந்தது, பெண் பிள்ளை, வாய் நிறையப் பல், தாய் இன்னும் கண் திறக்கவில்லை என்றார்கள்.

அதற்குப் பத்து நாள் முந்தைய செவ்வாய்க்கிழமையை அவள் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். உப்பு வாரும் பருவத்தில் பெண்கள் உப்பளத்து வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். அன்று கடைசியாக வந்தவள் ஏழு மாதம் முடிந்த சந்தனமாரி. மணி ஒன்று ஆகியிருந்தது. ஒன்று பத்துக்குத் தங்கபுஷ்பம் வீடு திரும்பும் பஸ். அதை விட்டால் நாலரை மணிக்குத்தான் அடுத்தது. பிரஷர் பார்க்கும் கருவியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாகிவிட்டது.

“நர்ஸம்மா, கால் வீங்கியிருக்கு.”

“அளத்துக் கால்தானளா.”

“தலை வலிக்கு. ரெண்டு நாளா விட மாட்டேங்கு.”

“கச்சான் காத்துல தலைக்குத் துணி கட்டாம நின்னா வலிக்காம என்ன செய்யும்?”

“கண்ணுக்குள்ள மினுக்குமினுக்குன்னு என்னமோ பறக்கு நர்ஸம்மா.”

“நாள் முழுக்க வெள்ளை உப்பப் பாத்துக்கிட்டு நின்னா எனக்குந்தான் பறக்கும். அடுத்த செவ்வா சீக்கிரம் வா, என்ன?”

கர்ப்பிணி அட்டையில் பிரஷர் எழுத வேண்டிய கட்டத்தில் போன மாதத்து எண்ணைப் பார்த்து அப்படியே எழுதினாள். நூற்றுப் பத்துக்கு எழுபது. பிறகு பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னலோர இடம் கிடைத்தது, நன்றாகத் தூங்கினாள்.

அவள் சோம்பேறி நர்ஸ் அல்ல. அது ஒரு வழியில் இன்னும் கேவலம் என்று பின்னால் அவளுக்குத் தோன்றியது. இருபத்தாறு வயதில் இந்த ஊருக்கு வந்த புதிதில், கால் வீங்கி வந்த ஏழு கர்ப்பிணிகளைப் பதறிப்போய் உப்பு லாரியில் ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஏழு பேரும் மறுநாளே ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தார்கள். மணல்தருவையில் எல்லாருக்கும் கால் வீங்கும். காலை நான்கு மணி முதல் உப்புத் தண்ணீரில் நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும்? எல்லாருக்கும் தலை வலிக்கும், எல்லாருக்கும் கண்ணில் பூச்சி பறக்கும். நர்ஸம்மாவுக்கு அளத்துக் கால் தெரியவில்லை என்று பெண்கள் ஒரு மாதம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அளத்துக் காலைக் கற்றுக்கொண்டாள். வெளியூரிலிருந்து வருகிற டாக்டர்களிடம், “இது எங்க ஊர்க் காலு சார், நீங்க பயப்படாதிய” என்று சொல்லும்போது அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. அதற்குக் கருவி வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமும் ஆகாது. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் பெருவிரலை வைத்து ஐந்து எண்ணும் வரை அமுக்க வேண்டும். அளத்துக் கால் ரப்பர்போல உடனே எழும்பிவிடும். ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணியின் கால், குழைத்த மாவில் விரல் வைத்ததுபோல் குழி விழுந்து அப்படியே நிற்கும். அன்று குனிந்து ஐந்து எண்ணியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் குனியவில்லை.

பத்தாம் நாள் காலை எட்டு மணிக்குச் சந்தனமாரி பாத்தி வரப்பில் கைகால் இழுத்து வெட்டு வந்து விழுந்தாள். உப்பு ஏற்ற வந்த லாரியில் அவளைக் கிடத்தி, நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கு இடையில் முந்தானையைச் சுருட்டி வைத்து, நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் கண் திறந்தவள் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க முடியாமல் கண்ணைச் சுருக்கினாள். காதோரம் நரைத்திருந்தது. கழுத்தில் இரண்டு மடிப்பு விழுந்திருந்தது. வார்டு ஆயா அவளைப் பார்த்து, “பேத்தியா மகளா?” என்று கேட்டாள்.

டாக்டர் இளம்பெண். சாக்கு தைக்கும் சணல் நூலில் ஒரு துண்டைச் சந்தனமாரியின் கணவன் இசக்கிராஜாவின் சட்டைப் பையிலிருந்து தானே உருவி எடுத்து அவனிடம் காட்டினாள். “உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் இந்த மாதிரி இழை இருக்கு. இழைக்கு நுனி இருக்கு. வயசாக ஆக நுனி பிரிஞ்சு குட்டையாகும். கர்ப்பத்துல இப்படிச் சிக்கல் வந்தா தாய்க்கும் பிள்ளைக்கும் நுனி கொஞ்சம் சீக்கிரம் தேயலாம்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. கொஞ்சம்தான். இவ்வளவு தேயும்னு யாரும் சொல்லல.” நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். இசக்கிராஜா அந்த நூல் துண்டை வெகுநாள் பையிலேயே வைத்திருந்தான்.

மணல்தருவை இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதலில் அளந்து பார்த்துக்கொண்டது. பிறந்த தேதி தெரியாதவர்கள் நிறைந்த ஊர் அது. அளத்துப் பெண்கள் குதிகால் வெடிப்பைப் பார்த்து வயது சொல்வார்கள். எத்தனை வருடம் உப்பில் நின்றதோ அத்தனை வரி குதிகாலில் இருக்கும், அதற்கு உள்ளே உடம்பின் வயது வேறு வரியாக ஓடும் என்பது அவர்கள் கணக்கு. அதில் கைதேர்ந்தவள் ஐம்பத்திரண்டு வயது ஆவுடைத்தங்கம். உப்பு வாரும் பெண்கள் குழுவுக்குத் தலைவி. ஒருமுறை கிராம நிர்வாக அலுவலரே முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றில் சந்தேகம் வந்து, விண்ணப்பித்த ஆளின் செருப்பைக் கழற்றச் சொல்லி ஆவுடைத்தங்கத்தை அழைத்துவரச் செய்திருக்கிறார்.

ஆவுடைத்தங்கம் சந்தனமாரியின் குதிகாலை மடியில் வைத்து நகத்தால் வரி வரியாக நிமிண்டினாள். “நாப்பத்தொண்ணு” என்றாள். பிறகு தொட்டிலுக்குள் கையை விட்டு, கட்டைவிரல் அளவுகூட இல்லாத பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். “ஆறு. உப்பு வரி கெடையாது, வெறும் வயசு” என்றாள். அதோடு அந்த விவகாரம் முடிந்தது. யாரும் வாயில் கை வைக்கவில்லை. காபி வந்தது, குடித்தார்கள்.

அடுத்து வந்ததுதான் சிக்கல். யாரை யார் எப்படிக் கூப்பிடுவது? சந்தனமாரியைவிட நான்கு வயது மூத்த அவளுடைய அக்காள் பக்கத்து ஊரிலிருந்து வந்து, வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, “எக்கா” என்று கூப்பிட்டு, கூப்பிட்டதும் ஒரு பாட்டம் அழுது, பிறகு சோறு தின்றாள். நேற்றுவரை “ஏளா” என்று அதட்டியவர்கள் எல்லாம் “மதினி” என்றார்கள், “அத்தாச்சி” என்றார்கள். கோயில் கொடை விழாவில் கும்மியடிக்கும் வரிசையிலிருந்து எடுத்து, ஓரத்தில் உட்கார்ந்து குரவையிடும் பெண்களோடு அவளைச் சேர்த்தார்கள். அளத்தில் வாரிப்பலகையை வாங்கி வைத்துவிட்டு, கொட்டகை நிழலில் சாக்கு வாய் தைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். மூத்த பெண்களுக்கு அதுதான் வழக்கம். எல்லாம் அன்பாகத்தான் நடந்தது. அவ்வளவு அன்பாக நடந்ததால் அவளால் யாரிடமும் கோபப்பட முடியவில்லை.

இசக்கிராஜாவுக்கு இருபத்தாறு வயது. ஒரு வாரம் பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடாமலே இருந்தான். எட்டாம் நாள் மத்தியானம் வாய் தவறிவிட்டது.

“சாப்ட்டியளா?”

“என்ன, மரியாதயெல்லாம் பலமா இருக்கு?”

“தன்னால வருது. நான் என்ன செய்ய?”

“வந்தா வரட்டும். மரியாதயோட மரியாதயா அந்தத் தொட்டிலயும் ஆட்டுங்க, நான் ரெண்டு வாய் திங்கேன்.”

குழந்தைக்குப் பூங்கனி என்று பெயர் வைத்தார்கள். தெருவில் நான்கு வயதுப் பிள்ளைகள் அவளை அக்கா என்றார்கள்; தொட்டிலுக்குப் பக்கத்தில் சத்தமாக விளையாட அவளிடம் அனுமதி கேட்டார்கள்; அவள் கொட்டாவி விட்டால் சரி என்று அர்த்தம். அங்கன்வாடி டீச்சருக்கும் பள்ளிக்கூடத்து டீச்சருக்கும் பிள்ளை யாருடையது என்று தகராறு வந்தது. ஆறு வயது முடிந்த பிள்ளைக்குச் சத்துமாவு கிடையாது என்றாள் ஒருத்தி. கழுத்து நிற்காத பிள்ளையை எந்தப் பெஞ்சில் உட்காரவைப்பது என்றாள் மற்றவள். கடைசியில் பிறந்த தேதிக்குச் சத்துமாவும், பல்லுக்குப் பள்ளிக்கூடப் பையும் கொடுப்பதென்று பேசி முடித்தார்கள். பை தொட்டில் கயிற்றில் தொங்கியது.

தங்கபுஷ்பம் அந்த வீட்டுக்குப் போகாத நாள் இல்லை. முட்டை கொண்டுபோனாள், பேரீச்சம்பழம் கொண்டுபோனாள், பிள்ளையை எடை போட்டாள். போகும் முன்பு தலையில் டால்கம் பவுடரைத் தேய்த்து நரையாக்கிக்கொள்வாள். கண்ணாடிக் கடையில் பவர் இல்லாத வெறும் கண்ணாடியை மாற்றி வாங்கியிருந்தாள். எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “யப்பா” என்பாள். ஆனால் உடம்பு பொய் சொல்லவில்லை. அவளுக்கு நின்று ஏழு வருடமான மாதவிலக்கு திரும்ப வந்தது. படிக்கட்டில் இரண்டு இரண்டாகக் கால் வைத்தது. தூக்கம் கல்லுப்போல வந்தது. அது ஒன்றைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் எப்படித் தூக்கம் வருகிறது என்று காலையில் எழுந்து தன்னையே கேட்டுக்கொள்வாள். முப்பத்துமூன்று வயதுக்காரிக்கு அப்படித்தான் வரும்.

வயதை எப்படியாவது செலவழித்துவிடப் பார்த்தாள். மத்தியான வெயிலில் குடை இல்லாமல் அளத்துக்கும் ஊருக்கும் நடந்தாள். பட்டினி கிடந்தாள். ஒரு நாள் உப்புக் கூடை சுமந்தாள். முகம் கறுத்தது, இடை மெலிந்தது, பார்த்தவர்கள், “நர்ஸம்மா இன்னும் எளசாயிட்டே போறாகளே” என்றார்கள். ஊருக்கு அதில் பெருமைதான். முப்பத்தொரு வருடம் தங்களுக்கு ஊசி போட்ட கைக்கு ஆண்டவர் ஏதோ திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அப்படி ஒருத்தி அவளிடமே சொன்னபோது அவள் வலிக்காத முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “யப்பா” என்றாள்.

ஆவுடைத்தங்கம் மட்டும் கேட்டாள். “ஊருக்கு ஒரு மாத்திர, ஒங்களுக்கு ஒரு மாத்திரன்னு தனியா வச்சிருக்கியளோ?”

“போ ஆவுட, சும்மா.”

“இல்ல, இந்த வேக்காட்டுல காலுக்கு எதுக்கு சாக்ஸு?”

“பித்தவெடிப்பு.”

“வெடிப்புன்னா எங்கிட்டல்லா காட்டணும். மருந்தும் சொல்லுதேன், வயசும் சொல்லுதேன்.”

தங்கபுஷ்பம் அதற்குப் பிறகு சாக்ஸுக்கு மேல் ஷூவும் போட்டாள்.

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, கொட்டகையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த சந்தனமாரியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் தூங்கியது. சந்தனமாரி முன்பெல்லாம் பாத்தி வரப்பில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடிக் காட்டிப் பந்தயம் கட்டுவாள். இப்போது சாக்கைத் தூக்கிப் போடவே மூச்சு வாங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் நீட்டினாள். தங்கபுஷ்பம் யோசிக்காமல் ஒரே குத்தில் கோத்துக் கொடுத்துவிட்டு, கொடுத்த பிறகு பயந்தாள். சந்தனமாரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் வேறு ஏதோ யோசனையில் இருந்தாள்.

“ஒண்ணு மட்டும் வெளங்க மாட்டேங்கு நர்ஸம்மா. பதினெட்டு வருசம்னா சும்மாவா? வாழ்ந்து தீத்திருந்தா நெனப்பு இருக்கணும்லா. சண்ட போட்டது, கொடைக்குப் போனது, இன்னொரு பிள்ள பெத்தது, எதாவது. தேடித் தேடிப் பாக்கேன், ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு வரப்புல விழுந்தேன். பெறகு கட்டில்ல முழிச்சேன். நடுவுல பதினெட்டு வருசம் வெறும் வெள்ளையா கெடக்கு, பாத்தி மாதிரி.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நான் செலவழிக்கல. அப்ப எங்க போச்சு?”

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். “மழை வர்ற மாதிரி இருக்கு” என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஒன்பதாவது மாதம் புதன்கிழமை பூங்கனிக்குத் தட்டம்மைத் தடுப்பூசி. துணை சுகாதார நிலையத்து வாசலில் ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு இருந்தார்கள். குழுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், ஆவுடைத்தங்கமும். சந்தனமாரி பக்கத்தில் நிற்க, இசக்கிராஜா பிள்ளையைப் பிடித்துக்கொண்டான். ஊசி ஏறியதும் பூங்கனி வாய் விட்டு அழுதாள், அழுத வேகத்தில் ஆடிக்கொண்டிருந்த கீழ்வரிசை முன்பல் கழன்று தங்கபுஷ்பத்தின் உள்ளங்கையில் விழுந்தது. அரிசிபோல இருந்தது. ரத்தம் ஒரு துளி.

பெண்கள் கைதட்டினார்கள். விழுந்த முதல் பாற்பல்லைக் கூட்டத்தில் மூத்த பெண் ஒருத்தி கூரைமேல் எறிய வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எறிகிற கையின் ஆயுசு பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

“எறியுங்க நர்ஸம்மா” என்றாள் ஆவுடைத்தங்கம். “இங்கன நீங்கதான் மூத்தவுக. எனக்கு அஞ்சு வயசு மூப்பு.”

தங்கபுஷ்பம் கையை ஓங்கினாள். பல் கையிலேயே இருந்தது. கூரையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். சாக்ஸை உருவி, வலது காலை ஆவுடைத்தங்கத்தின் பக்கம் நீட்டினாள்.

“பாரு” என்றாள்.

ஆவுடைத்தங்கம் குனிந்து பார்த்தாள். நகத்தால் நிமிண்டினாள். மறுபடி நிமிண்டினாள். “முப்பத்திமூணு” என்றாள். பிறகு உதடு அசைய ஏதோ கூட்டினாள், கழித்தாள். அவள் திரும்பிச் சந்தனமாரியைப் பார்த்தபோது அங்கிருந்த எல்லாருக்கும் கணக்கு விளங்கிவிட்டது.

தங்கபுஷ்பம் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். ஒன்று பத்து பஸ்ஸைச் சொன்னாள். ஜிப் போட்ட பையைச் சொன்னாள். அட்டையில் எழுதிய எண்ணைச் சொன்னாள். ஜன்னலோர இடம் கிடைத்ததையும் தூங்கியதையும்கூடச் சொன்னாள். அது தேவையில்லை, ஆனால் சொன்னாள்.

இசக்கிராஜா பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டான். “எடுத்துக் குடுங்க” என்றான். “ஒங்ககிட்ட இருக்குல்லா. எடுத்துக் குடுங்க.”

“ஒன்பது மாசமா பாக்கேன் ராஜா. எடுக்கத் தெரியல.”

“தெரியலன்னா? வாங்கும்போது மட்டும் தெரிஞ்சுதோ?”

பின்னாலிருந்து ஒருத்தி, “இப்படிப் பாருங்க, வேற ஊரு நர்ஸுன்னா அந்த ஊரோட போயிருக்கும். இருவத்திநாலு வருசமும் நம்ம ஊருக்குள்ளதான கெடக்கு” என்றாள். அதற்கு இன்னொருத்தி, “அதுவும் சரிதான்” என்றாள். மணல்தருவை எதையும் இப்படித்தான் விழுங்கும். ஆனால் சந்தனமாரி விழுங்கவில்லை. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்காலுன்னுதான் பாக்கலயா? டவுன்காரி ஒருத்தி வந்து கால் வீங்கியிருக்குன்னு சொல்லியிருந்தா பாத்திருப்பியளா?”

தங்கபுஷ்பம் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். “பாத்திருப்பேன்” என்றாள். “நம்ம ஊருக் காலு எனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“ம்.”

“மேல எழுதிக் குடுத்திருதேன் மாரி. என்ன தண்டனையோ அவங்க குடுக்கட்டும்.”

“எழுதிக் குடு. அது அவுகளுக்கு.” சந்தனமாரி நின்ற இடத்திலிருந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள், முப்பத்துமூன்று வயது முகத்தை நாற்பத்தொரு வயது பார்க்கிற மாதிரி பார்த்தாள். “எனக்கு என்ன குடுப்ப? ஏளா, ஒன்னத்தான் கேக்கேன்.”

முப்பத்தொரு வருடத்தில் தங்கபுஷ்பத்தை அந்த ஊரில் யாரும் ஏளா என்றதில்லை. அந்தச் சொல் தன் வயதுக்குச் சரியாகப் பொருந்துவதை அவள் உணர்ந்தாள்.

“பல்லக் கொண்டா” என்றாள் சந்தனமாரி. அதை வாங்கித் தானே கூரைமேல் எறிந்தாள். அது ஓட்டில் பட்டு உருண்டு, நடுவில் எங்கோ நின்றது.

தங்கபுஷ்பம் எழுதிக் கொடுத்தாள். விசாரணைக்கு அழைத்தார்கள். கோப்பில் ஐம்பத்தேழு வயது என்று இருந்தது. எதிரே நின்றவளுக்கு அந்த வயது இல்லை. விசாரணை அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தங்கபுஷ்பம் நேரில் வர வேண்டும், மகளை அனுப்பக் கூடாது என்றார். நான்தான் தங்கபுஷ்பம் என்றாள். அடுத்த தேதி கொடுத்தார். அப்படி நான்கு தேதி கொடுத்தார். கடைசியில், சம்பந்தப்பட்டவர் ஆஜராகவில்லை என்று எழுதிக் கோப்பை அலமாரிக்குள் வைத்தார்கள். தண்டனைகூடத் தனக்கு வந்து சேரவில்லை என்பதை அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தபடி ஊர் திரும்பினாள். உட்கார இடம் இருந்தது. அவள் அந்த பஸ்ஸில் உட்காருவதை விட்டிருந்தாள்.

சந்தனமாரி எதையும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த செவ்வாயிலிருந்து, சாக்குத் தைப்பதைப் பாதியில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு துணை சுகாதார நிலையத்துக்கு வரத் தொடங்கினாள். கர்ப்பிணிகள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். பேச மாட்டாள். பூங்கனிக்கு ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டிருந்தது. பொக்கை வாயைத் திறந்து எல்லாரையும் பார்த்துச் சிரிக்கும். இந்தப் பிள்ளைக்கு முன்னால் எத்தனை வருடம் மிச்சம் என்று தங்கபுஷ்பம் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அது சிரிக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். குனிந்த தலையோடு வருகிற ஒவ்வொரு காலையும் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, காலைத் தன் மடியில் வைத்து, பெருவிரலை அமுக்கி, வாய் விட்டு எண்ணினாள். பெண்களுக்குக் கூச்சமாக இருந்தது. முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

மறுவருடம் உப்புப் பருவத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி ஒன்றைத் தாண்டிய பிறகு, ராஜகனி என்கிற இருபது வயதுப் பெண் வந்தாள். ஏழாம் மாதம். தலையில் துணி கட்டியிருந்தாள், காலில் சேறு காயவில்லை.

“நேரமாயிட்டு நர்ஸம்மா. எனக்கு ஒண்ணுமில்ல, அட்டையில மட்டும் எழுதிக் குடுங்க. பஸ்ஸு வந்துரும் ஒங்களுக்கு.”

“காலக் காட்டு.”

“ஐய, சேறு. அளத்துக் கால்தான, இதுல என்ன பாக்க?”

பஸ் வளைவில் திரும்புகிற ஹாரன் கேட்டது. தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்து, சேற்றை முந்தானையால் துடைத்து, முன்னெலும்பில் பெருவிரலை வைத்து அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விரலை எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. அது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்தான். குழி அப்படியே இருந்தது.

பெஞ்சிலிருந்து எழுந்த சந்தனமாரி பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பெருவிரலை அந்தக் குழிக்கு ஓரமாக வைத்து, உதட்டுக்குள் எண்ணி, எடுத்தாள். இப்போது இரண்டு குழி. இரண்டும் நிரம்பவில்லை. பஸ் புறப்பட்டுப் போன சத்தம் தேய்ந்து அடங்கும்வரை இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏளா” என்றாள் சந்தனமாரி, “ஆஸ்பத்திரி வண்டிக்குப் போனப் போடு.”